வெள்ளைத் துணிக்குப் பின்னால் இருந்த சுவர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்களைத் தள்ளிவிட்டேன். இதில் என் மனைவியின் தம்பி வருகிறான். நல்ல மனம் உள்ளவன், வாசித்தால் நொந்துபோவான் என்று ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம், நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பாரிசில் மாடிப்படி துடைத்துச் சீவிக்கிறவன். கட்டிடங்களைப் பற்றிப் பேச உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்கக்கூடும். ஆனால் போன மாதம், எங்கள் கடைகள் இருக்கிற லா சப்பலில், மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் ஒருவர் தன் கூட்டாளிக்கு ஒரு கலியாண மண்டபத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே ஓமம் வளர்க்க விடமாட்டார்களாம், ஒரு மணப்பொம்பிளையின் தகப்பன் அதற்காகச் சண்டை பிடித்துச் சோடனை எல்லாவற்றையும் கிழித்தெறிந்தாராம். அந்தத் தகப்பன் நான்தான். நான் எதையும் கிழிக்கவில்லை. வெண்டிக்காயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். பிள்ளையார் துணை.

முதலில் என் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு கட்டிடங்களுக்கு நான் மினாஜ், அதாவது துப்புரவு வேலைக்குப் போகிறேன். ஒன்று, இரண்டு உலக யுத்தங்களுக்கும் நடுவில் கட்டியது. அதன் வாசல் இரும்புக் கதவில் தண்ணீர் மேலே பீறி இரண்டு பக்கமும் விழுவது போல வேலைப்பாடு இருக்கும். தரையில் நகத்தளவு கற்களைப் பதித்து விசிறி விசிறியாகச் செய்திருக்கிறார்கள். படிக் கைபிடி பித்தளை. அதைத் துடைத்து முடித்தால் சுவாமிக்கு விளக்கு மினுக்கிய மாதிரி மனம் நிறையும். மற்றது புதுக் கட்டிடம். சாம்பல் நிறம், வெறும் கண்ணாடி, வெறும் தகரம். துடைத்த பிறகும் துடைக்காதது போலவே நிற்கும். கண்ணை வைக்க ஓர் இடம் இல்லை. அதற்குள் வேலை செய்கிறவர்கள் தலையைக் குனிந்து வந்து குனிந்தே போவார்கள். நிமிர்ந்து பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

பழைய கட்டிடத்தின் படம் ஒன்றை ஒருநாள் மகளுக்குக் காட்டினேன். "அப்பா, அது அந்தக் காலத்துக் கட்டிடப் பாணி, ஆர் தெக்கோ எண்டு பேர்" என்றாள். பெயர் தெரிந்தது நல்லதாகப் போயிற்று. பெயர் தெரியாமலே நான் அந்தக் கதவைத் திறக்கும்போது மனதுக்குள் கும்பிடுகிறவன். செய்தவனுக்கு எங்கள் சுவாமிகளைத் தெரிந்திருக்காது. ஆனாலும் போகிற வருகிறவன் ஒரு முறை நிமிர்ந்து பார்க்கட்டும் என்று நினைத்துத்தானே செய்திருக்கிறான். கோபுரம் கட்டுகிறவனும் அதைத்தானே நினைக்கிறான்.

இனி மகனின் கலியாணம். எங்கள் நாட்டில் யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து நடந்தது. பாரிசுக்கு வெளியே, வில்லியே லே பெல்லையும் தாண்டி, டயர்க் கடைக்கும் தளபாட டெப்போவுக்கும் நடுவில், புதிதாகக் கட்டிய மண்டபம். எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். மொடேர்ன், கிளீன், கார் விட நல்ல இடம். வெளியே இருந்து பார்த்தால் அதுவும் ஒரு டெப்போதான். உள்ளே கூரை கைக்கெட்டுகிற உயரத்தில், வெள்ளைச் சதுரம் சதுரமாக. ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு வெள்ளைக் குமிழ். அது புகையைக் கண்டுபிடிக்கிற கருவி என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஐயர் ஓமகுண்டத்தில் கற்பூரத்தைப் போட்டு, நெய்யும் விட்டார். புகை சுருண்டு மேலே போனது. அவ்வளவுதான். மண்டபம் முழுக்க அலாரம் கூவ, கதவுகள் தாமாகத் திறக்க, பட்டுச் சேலையோடும் வேட்டியோடும் சனம் மழைத் தூற்றலில் கார்த்தரிப்பிடத்துக்கு ஓடியது. மாப்பிளையும் பொம்பிளையும் மாலையோடு ஒரு வானுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். திரும்ப உள்ளே விட்டபோது மண்டபத்து முகாமையாளர் நெருப்பே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சோடனைக்காரன் ஓடிப்போய்த் தன் வானில் இருந்து ஒரு பித்தளைத் தட்டைக் கொண்டுவந்தான். அதில் செம்மஞ்சள் கடதாசி, அடியில் பற்றரியில் ஓடும் பல்ப், கடதாசி ஆடுவதற்கு ஒரு சின்ன விசிறி. ஐயர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் பல்ப்பைப் பார்த்து அக்கினிக்கான மந்திரத்தைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றாமலே கதிரையில் இருந்தாள் மனைவி. "என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்குப் பல்ப் சாட்சி" என்றாள். மகனும் மருமகளும் கடவுளே என்று நன்றாக இருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சொல் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்தபோது மனைவி நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இந்தப் பிள்ளைக்காவது உண்மையான நெருப்பு வேண்டும்.

நான் மண்டபம் தேடி அலைந்த கதை பெரிய கதை. எங்கே போனாலும் அதே தகரப் பெட்டி, அதே பதிந்த கூரை, அதே வெள்ளைக் குமிழ். நெருப்பு என்ற சொல்லை எடுத்தவுடனே "ஆ நோன், மெசியே", முடியாது ஐயா, என்பார்கள். ஒரு நகரத்துக்கும் அடுத்த நகரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஆள் ஒரே அச்சில் வார்த்து, லொறியில் ஏற்றி வந்து அங்கங்கே இறக்கிவிட்டுப் போனது போல. இவ்வளவு வசதி உள்ள நாட்டில், சனம் கூடுகிற இடத்தைச் சாமான் அடுக்குகிற இடம் போலவா கட்டுவார்கள் என்று பேருந்தில் இருந்து என்பாட்டில் முணுமுணுத்துக்கொண்டு வருவேன்.

ஒரு சனிக்கிழமை, வடக்குப் புறநகர் ஒன்றில், வேறொருவருக்குப் பதிலாக வேலைக்குப் போன வழியில் பிள்ளையார் காட்டினார் என்றுதான் சொல்லுவேன். நகரசபைக்குச் சொந்தமான பழைய கொண்டாட்ட மண்டபம். முகப்பு படி படியாக ஒடுங்கி மேலே போகிறது. கதவில் என் கட்டிடத்துக் கதவைப் போலவே வளைந்த இரும்பு வேலை. காவலுக்கு இருந்தவர் ஒரு போர்த்துக்கேயப் பெண்மணி. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன், கூட்டிக்கொண்டு போனார். மேடைக்குப் பின் சுவரில் அரை வட்டம் ஒன்று. அதில் இருந்து சுதையால் செய்த கதிர்கள் நாலா பக்கமும் விரிந்து கூரை மட்டும் போகின்றன. மங்கிய பொன் நிறம். கூரையோ எங்கேயோ உயரத்தில். அதற்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன யன்னல்கள். சுவரில் உள்ள ஒரு பிடியைச் சுற்றினால் அவை எல்லாம் ஒன்றாகத் திறக்கும். முந்தி இங்கே நடனம் ஆட வருகிறவர்கள் எல்லோரும் சிகரெட் பிடிப்பார்களாம், அந்தப் புகை போவதற்கு வைத்ததாம். நான் ஓமத்தைப் பற்றித் தெரிந்த பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். அவர் நகரசபையில் கேட்டுவிட்டுச் சரி என்றார். செப்புப் பாத்திரம், அடியில் மணல், பக்கத்தில் தண்ணீர் வாளி, தானும் பக்கத்தில் நிற்பார். நெருப்புக்குக் கிட்ட எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

மனைவியிடம் சொன்னபோது அவள் சுவாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

என் மச்சான், மனைவியின் தம்பிக்குத்தான் பிடிக்கவில்லை. வந்து பார்த்துவிட்டு, பழசு, கார் விட இடமில்லை, சுவரில் வெடிப்பு என்று அடுக்கினான். "அத்தான், சனம் சுவர் பாக்கவே வரப்போகுது?" என்றான். கடைசியில், சரி, சோடனை என் பொறுப்பு, தாய்மாமனான என் பரிசு, நீங்கள் ஒன்றும் பேசக்கூடாது என்று முடித்துவிட்டான். தாய்மாமன் தருவதை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஆட்களில் யாருக்கு வாய் வரும்?

கலியாணத்தன்று விடிய, ஐயரையும் ஓமச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். உள்ளே கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மண்டபத்தைக் காணவில்லை. சுவர் முழுக்க வெள்ளைச் சற்றின் துணி. தூண்களுக்கும் துணி. மேலேயும் குறுக்காகத் துணியை இழுத்துக் கட்டிக் கூரையையும் யன்னலையும் மறைத்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் கதிர்கள் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ரோசாப்பூத் தட்டியும் நீல லைற்றும். நான் எங்கிருந்து தப்பி வந்தேனோ, அந்தத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து இதற்குள் இறக்கிவிட்டது போல இருந்தது. மச்சான் ஏணிக்குப் பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து, முகம் முழுக்கச் சந்தோசமாக நின்றான். எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது?

காவல்காரப் பெண்மணி வந்தார். மேலே பார்த்தார், துணியைக் கையால் பிடித்துப் பார்த்தார், என்னிடம் வந்தார். துணி இருக்கலாம், நெருப்பும் இருக்கலாம், இரண்டும் ஒன்றாக இருக்கமுடியாது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

நான் மச்சானுக்குத் தமிழில் சொன்னேன். அவன் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "உதுக்கேன் அத்தான் யோசிக்கிறியள்? பல்ப் வைப்பம். இப்ப எல்லாரும் அப்பிடித்தானே. தட்டு என்ரை வானிலை கிடக்கு."

முன்னமே கொண்டுவந்திருக்கிறான்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, தம்பியையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பியைச் சபையில் குறைக்கவும் அவளால் முடியாது, இன்னொரு பிள்ளைக்குப் பல்ப்பைச் சாட்சி வைக்கவும் முடியாது. ஐயர் தோளில் சால்வையைச் சரி செய்து சரி செய்து எங்கேயோ பார்த்தார்.

சத்தம் கேட்டு உடுப்பு மாற்றும் அறையில் இருந்து மகள் வந்தாள். பாதித் தலை பின்னி, பாதி அவிழ்ந்தபடி. என்ன நடந்தது என்று அந்தப் பெண்மணியிடம்தான் கேட்டாள். கேட்டுவிட்டு மேலே பார்த்து, "ஆன்லெவே தூ" என்றாள். எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்று சோடனைப் பெடியளுக்குச் சொன்னது. பிறகு மாமனிடம் திரும்பித் தமிழில் பேசினாள். "மாமா, இது நீங்கள் எனக்குத் தந்தது. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. சாப்பாட்டு அறையிலை கட்டுங்கோ. எல்லாரும் அங்கைதான் கனநேரம் இருக்கப்போகினம்."

பெடியள் மச்சானைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவனே ஏணியில் ஏறினான். முதல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே மேலே இருந்து சொன்னான், "பிறகு வீடியோவைப் பாத்திட்டு என்னட்டை வந்து அழாதை பிள்ளை."

துணி இறங்க இறங்கக் கதிர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மணவறையை அந்த அரை வட்டத்துக்கு நேராக வைத்தோம். ஐயர் நிமிர்ந்து பார்த்து, "இஞ்சை ஆர் திருவாசி செய்து வைச்சது?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் முதல் நாள் பார்த்தபோதும் அதுதான் தோன்றியது. சுவாமிக்குப் பின்னால் நிற்கும் அந்தத் திருவாசி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஓமம் எரிந்தது. புகை நேராக மேலே போனது. அந்தப் பெண்மணி பிடியைச் சுற்ற, யன்னல்கள் திறந்தன. புகை வெளியே போனது. ஒரு அலாரமும் கூவவில்லை. பிள்ளைகள் அக்கினியைச் சுற்றி வந்தபோது மனைவி என் கையைப் பிடித்தாள். சபையில் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். சாப்பாட்டில் இருந்தவர்களே தொடங்கிவிட்டார்கள். மேடையில் சோடனை இல்லையே, கை இறுக்கமோ என்று ஒருவர் என்னையே கேட்டார். அந்த மஞ்சள் சுவருக்கு ஒரு பெயின்ற் அடித்திருக்கலாமே என்றார் இன்னொருவர். பிறகு வீடியோ சுற்றிவர, ஓமம் எரிந்ததைப் பார்த்துச் சிலர் மண்டபத்து விலாசம் கேட்டார்கள். சந்தோசமாகக் கொடுத்தேன். கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் கொடுத்தேன். அவர்களும் போய் எடுத்தார்கள். காவல்காரப் பெண்மணி அவர்களுக்கும் அதையே சொல்லியிருக்கிறார், துணியா நெருப்பா என்று. எங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? துணி.

அப்படி ஒரு கலியாணத்துக்கு என்னையும் அழைத்தார்கள். போய் இருந்தேன். அதே மண்டபம், மேலே கீழே வெள்ளைத் துணி, நடுவில் தட்டு, தட்டில் பல்ப். துணிக்குப் பின்னால் எந்த இடத்தில் எந்தக் கதிர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்து, அட்சதையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன். புதுக் கட்டிடக்காரனை நான் இவ்வளவு காலம் திட்டினேன். அவன் அழகாக ஒன்றையும் கட்டாமல் விட்டான், அவ்வளவுதான். இருப்பதை மூடுகிறவனை என்னவென்று திட்டுவது?

இப்போது அப்படித் துணியைக் கேட்டவர்கள், சம்பந்தி வீட்டார் ஏன் ஓமம் இல்லை என்று கேட்டால், அங்கே விடமாட்டார்கள் என்று சொல்லிச் சமாளிக்கிறார்களாம். அந்தக் கதைதான் லா சப்பல் முழுக்கச் சுற்றி வெண்டிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் என்னிடமே வந்தது. இனி ஒரு தாய் அதை நம்பி, தன் பிள்ளைக்கும் பல்ப்புத்தான் விதி என்று இருந்துவிடக்கூடாது.

ஆகையால் வாசிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். கலியாணம் பேசுகிற வீடு எதுவானாலும் இதைச் சொல்லுங்கள், ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். அந்த மண்டபத்தில் நெருப்பு மூட்டலாம். துணிதான் கூடாது. யாரும் எதையும் கிழிக்கவில்லை. தாய்மாமன் தானே ஏணியில் ஏறி முடிச்சை அவிழ்த்தான் என்பதையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.