மௌரீன் விட்டுக்கொடுத்த அரையடி

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு நுரையீரல் பெரிது என்று ஒரு கொள்கை உண்டு. அதை வகுத்ததே மௌரீன் என்பதால் மறுப்பாரில்லை. அப்பா சுரங்கத்துக்குள் மூச்சைப் பிடித்தார். மகள் சுரங்கக் கிளப்பின் கிறிஸ்துமஸ் நடனத்தில் அந்த மூச்சைப் பாட்டாக விட்டாள். பிறகு குடும்பம் பெங்களூர் விவேக் நகருக்கு வந்தது, மௌரீன் கண்டோன்மென்ட் ஓட்டல்களின் ஜாஸ் மேடைக்கு வந்தார். இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். இதுவரை அவர் குரல் பதிவான பாட்டு அத்தனையும் டூயட்.

ஓட்டல் பேண்டோடு ஜாஸ் டூயட், காசெட் காலத்தில் பாப் டூயட், ஒரு சோப்புக்கும் ஒரு கொசுவத்திக்கும்கூட டூயட். கொசுவத்தி விளம்பரத்தில் ஆண் குரல் வத்தி, மௌரீன் கொசு. கலைக்காக அதையும் உருகித்தான் பாடினார்.

ஜோடிகள் மாறினாலும் சட்டம் மாறவில்லை. அந்நாளில் இருவருக்கும் ஒரே மைக். கடைசி ஸ்வரம் வந்ததும் பெண் அரையடி பின்னால் நகர வேண்டும். ஆண் தோளை நுழைத்து முன்னால் வந்து, மூச்சுள்ள மட்டும் நீட்டி முடிப்பார். இது எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே யாரும் மீறவும் இல்லை. அவருடன் அதிகம் பாடிய கிறிஸ்டோபரின் இடது தோளை மௌரீன் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்வார்.

"ஒரு பாட்டையாவது நான் முடிக்கணும், சாமி" என்று குழந்தை இயேசு கோயிலில் அவர் மெழுகுவத்தி ஏற்றாத வியாழன் குறைவு.

இந்த நிலையில்தான் ஒரு கம்பெனி அவருடைய பழைய டூயட்டுகளைத் தொகுத்து வெளியிட முன்வந்தது. நிறைவாக, கிறிஸ்டோபருடன் புதிதாக ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். இதுவே தன் கடைசிப் பதிவு என்று மௌரீனின் முழங்கால்கள் ஏற்கெனவே தீர்மானம் நிறைவேற்றியிருந்தன. முடித்தால் இதில் முடிக்க வேண்டும்.

ஸ்டூடியோ, விவேக் நகரில் ஒரு கேக் கடையின் மாடியில். கிறிஸ்டோபர் தொப்பியோடு வந்தார்.

"என்னா மேன், இன்னும் இருக்கியா?"

"நான் எப்படி, மௌரீன், முன்னாடி போவேன்? எப்பவும் கடைசியா முடிக்கிறது நான்தானே!"

ஒலிப்பதிவாளர் ஸ்ரீவித்யா இருவரையும் கண்ணாடி தடுத்த தனித்தனி அறைகளில் நிறுத்தினாள். ஆளுக்கு ஒரு மைக்.

"இது டூயட்டாம்மா, ஜெயிலா?" என்றார் கிறிஸ்டோபர்.

"ரெண்டு வாய்ஸும் தனித்தனியா வேணும் அங்கிள். பாத்துக்கிட்டே பாடுங்க."

மௌரீன் கண்ணாடியைப் பக்தியோடு தொட்டுப் பார்த்தார். நல்ல கனம். எந்தத் தோளும் நுழையாது.

பாட்டு அருமையாகப் போனது. முடிந்ததும் ஹெட்போனில் ஸ்ரீவித்யாவின் குரல்.

"ஆன்ட்டி, கடைசியில எங்க போனீங்க?"

"எங்கயும் போகலையே!"

"மைக்க விட்டுப் பின்னாடி போயிட்டீங்க. வாய்ஸே காணோம். அந்த ரூம்ல வேற யாருமே இல்லையே ஆன்ட்டி?"

மௌரீன் குனிந்து பார்த்தார். இல்லாத தோளுக்குப் பயந்து கால்கள் அரையடி பின்னால் போய், ஒன்றும் தெரியாதவை போல நின்றிருந்தன. சொந்தக் கால்களையே எதிரி முகாமில் பார்த்தவர் வேறென்ன செய்வார்? கைப்பையை எடுத்தார். சிவாஜிநகர் பஸ்ஸில் எத்தனையோ ஆண்களை இடம்பெயர்த்த பை அது. அதைக் குதிகாலுக்குப் பின்னால் அணையாக வைத்தார்.

"இன்னொரு டேக் போடும்மா."

மறுபடி கடைசி ஸ்வரம். கால் பழக்கப்படி நகர்ந்தது, பையில் முட்டியது, நின்றது. அதே கணத்தில் அடுத்த அறையில் கிறிஸ்டோபரும் பழக்கப்படி இடது தோளை வீசினார். மௌரீன் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி இருந்தது.

டொம்!

கிறிஸ்டோபரின் ஹெட்போன் கழுத்துக்கு இறங்கியது. இசை கேட்காமல் வாயைத் திறந்தபடி அவர் நிற்க, மௌரீன் அந்த ஸ்வரத்தைத் தனியாக எடுத்தார். நீட்டினார். அப்பா பிடித்துவைத்த மூச்சையும் சேர்த்து நீட்டினார். பின்னணிப் பியானோ முடிந்தது, மௌரீன் முடியவில்லை. ஸ்ரீவித்யா விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

பிறகு, தனக்குத் தோன்றியபோது, மௌரீன் முடித்தார்.

"நக்கோம்மா, வேணாம்!" கிறிஸ்டோபர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "இன்னொரு டேக் போடு. நான் முடிக்கவே இல்ல!"

"ஆன்ட்டி முடிச்சிட்டாங்க அங்கிள்" என்றாள் ஸ்ரீவித்யா. "இதான் ஃபைனல். அந்த 'டொம்' சத்தத்த மட்டும் எடுத்துடறேன்."

"எடுக்காதே" என்றார் மௌரீன். "டூயட்னா ஆம்பள பங்கும் கொஞ்சம் வேணுமில்ல?"

கிறிஸ்டோபர் தோளைத் தடவினார். முறைக்கத்தான் நினைத்தார், சிரிப்பு வந்துவிட்டது.

"வா மேன், கேக் வாங்கித் தரேன்."

கீழே போகும் படி குறுகல், ஒருவர்தான் இறங்கலாம். கிறிஸ்டோபர் அரையடி பின்னால் நகர்ந்து வழிவிட்டார். மௌரீன் கைப்பையை ஆட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார்.