டயர் கடை வளைவு

நெடுஞ்சாலைக்குத் திட்டம் போடும் இன்ஜினீயர் அவள். ஊர் வைத்த பெயரோ ‘இடிப்பு’. எதிரே சொல்லப் பயம், முதுகுக்குப் பின்னால் தாராளம். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. சிரித்துப் பேசினால் ஆளுக்கு ஓரடி சாலையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பாள்.

கடைசியில் அக்காள் கணவரின் டயர் கடையே வழியில் வந்தது. வளைவின் உள்பக்கம், சாலையை உரசிக்கொண்டு அதன் சுவர். பிரேக் போட்டு நிற்கத் தேவையான தூரம் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சாலைப் படிப்பில் அது அரிச்சுவடி. அந்தத் தூரத்தைச் சுவர் விழுங்கியிருந்தது. சுவர் போனால் பாதிக் கடை போகும். அவளைப் படிக்க வைத்ததும் அதே கடைதான். இருந்தும் இடிக்க எழுதிவிட்டாள்.

அளவெடுக்கப் போன அன்று அக்காள் வழிமறித்தாள்.

“ஒரு வேகத்தடை போட்டா ஆச்சு. கூடப்பிறந்தவ வயித்துல அடிச்சுத்தான் ரோடு போடணுமா?”

“வளைவே தெரியாம வர்றவனுக்கு வேகத்தடை எங்கக்கா தெரியும்? அது மேலயே ஏறிப் பறப்பான்.”

“உனக்கு நாக்குல விஷம்டி.”

“இருக்கட்டும். இதுல உக்காந்து பாரு.”

காரில் இருப்பவனின் கண் மட்டத்துக்கு ஏற்ற குட்டை முக்காலி அது. தடுப்பு வைத்து மறித்திருந்த பாதையில் போட்டிருந்தாள். அக்காள் கடுகடுவென்று உட்கார்ந்தாள்.

அதற்குள் சேதி எட்டி, வளைவுக்கு அப்பாலிருந்து அக்காள் கணவர் சாலையில் இறங்கிவிட்டார். “எவ என் சுவத்துல கை வைக்கிறவ?” குரல் வந்தது, ஆளைக் காணோம். அக்காள் கழுத்தை நீட்டினாள், சாய்ந்து பார்த்தாள். சுவர்தான் தெரிந்தது. அவள் கண்ணுக்கு அவர் தெரிந்தபோது வெகு அருகில் வந்திருந்தார். முக்காலி இருந்த இடத்தில் கார் ஒன்று வந்திருந்தால், அவர்மேல் மோதாமல் நின்றிருக்காது.

அக்காளுக்கு முகம் வெளுத்துவிட்டது. தங்கை மனம் இளகிக் கையைப் பிடிக்கப் போனாள். அக்காள் உதறினாள்.

“இடிச்சுக்கோ. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

“அக்கா…”

“அக்கான்னு கூப்பிடாதே. வேலை முடிஞ்சதும் கிளம்பு. இனி என் வாசல் மிதிக்காதே.”

அங்கேயே நின்றால் அழுதுவிடுவோம் என்று தங்கைக்குத் தெரிந்தது. பெயின்ட் டப்பாவைத் திறந்து, சுவரில் சிவப்புக் கோடு இழுக்கத் தொடங்கினாள்.