வடிவு வீட்டுக் குழாய்

1971-இல் பிள்ளையார்பாளையத்தில் தன் வீட்டுக்குக் குழாய் வந்த அன்று, வடிவு அதற்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினாள். தறிக்காரர்களுக்குச் சாயங்காலம் கடலைச் சுண்டல் விற்கிறவள் அவள். தெருக்கோடிக் கிணற்றிலிருந்து இனிமேல் குடம் குடமாகச் சுமக்க வேண்டாம் என்பதில் அவளுக்கு அத்தனை பூரிப்பு.

ஆனால் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்த கடலை எவ்வளவு விறகு எரித்தும் வேகவில்லை. ஒரு வாரம் அப்படியே போனது.

"என்னாமா, பல்லு ஆடுது!" என்று தறியில் உட்கார்ந்தபடியே ராமலிங்கம் கத்தினார். வடிவுக்குச் சுருக்கென்றது. நேராக மளிகைக்கடைக்குப் போனாள்.

"பழைய கடலைய என் தலையில கட்டிக்கினு இருக்கியே அண்ணே!" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டாள்.

கடைக்காரர் தனசேகரன் அதே மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துப்போய், கோடிக் கிணற்றுத் தண்ணீரில் வேகவைத்து மறுநாள் கொண்டுவந்தார். விரல் பட்டதும் கடலை நசுங்கியது. வடிவு தன் பானைக்குள் பார்த்தாள். சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை படிந்திருந்தது. குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காததும் அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு குளிக்க, கழுவக் குழாய். கடலைக்கு மட்டும் கிணறு. இரண்டே குடம்தான் என்று வடிவு சந்தோஷமாகவே சுமந்தாள். சுண்டல் மறுபடி வெண்ணெயாக வெந்தது. முதல் பொட்டலத்தைத் தனசேகரனுக்குக் கொடுத்தாள்.

"பாத்தியாமா? என் கடலை நல்ல கடலைன்னு இப்பவாவது ஒத்துக்கோ."

"கடலை என்னா பண்ணிச்சி? எல்லாம் கெணத்துத் தண்ணி," என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.