சாப்பிட்டாச்சு என்றவள்

அந்தக் கொரோனா ஊரடங்கில் ரஞ்சிதத்துக்குப் பசியைவிடப் பெரிய கஷ்டம் பக்கத்து அறை மஞ்சுதான். ஊரில் வேறு எவள் தின்றாலும் பொறுத்துக்கொள்வாள். மஞ்சு தின்றால் மட்டும் வயிறு பற்றி எரியும்.

மேல்மலையனூரிலிருந்து செஞ்சிக்குப் பிழைக்க வந்தவள் ரஞ்சிதம். புருஷன் இல்லை. பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்து, மகள் வளர்மதியோடு வாடகை அறையில் காலம் தள்ளினாள். மெஸ்ஸை மூடிவிட்டார்கள். ரேஷன் கார்டு ஊர்க் கடையில்தான் செல்லும். பஸ் கிடையாது, நடந்து கிளம்பினால் போலீஸ் திருப்பி விரட்டியது.

மஞ்சு பீகார்க்காரி. அவள் புருஷன் மூட்டை தூக்கிய அரிசி மில்லும் மூடித்தான் கிடந்தது. ஆனால் மத்தியானம் சோற்றுப் பொட்டலம் கொண்டுவருகிறவர்கள் நேரே அவள் வாசலில்தான் நிற்பார்கள். தமிழ் தெரியாத மகராசி காலிப் பானையைக் கவிழ்த்துக் காட்டுவாள். இரண்டு பொட்டலம், மேலே ஒரு வாழைப்பழம்.

"அவளுக்குப் பழம் வேற. நான் மட்டும் இன்னா, இங்கயே மொளச்சவளா?" என்று ரஞ்சிதம் சுவரிடம் பொருமுவாள்.

இவளைக் கேட்காமல் இல்லை. பொட்டலம் தருகிற சேரன் தினமும் கேட்டான்.

"அக்கா, சாப்டீங்களா?"

"ஆச்சுப்பா."

எவர் கேட்டாலும் ஆச்சு என்றே சொல்லிப் பழகிய வாய் அது. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அதற்குள் அவன் அடுத்த வாசலுக்குப் போயிருப்பான்.

அன்றைக்கு வளர்மதி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தாள், எழுந்திருக்கவே இல்லை. இன்று சொல்லிவிடுவது என்று ரஞ்சிதம் வாசலில் நின்றாள். சேரன் கேட்டான். பக்கத்தில் மஞ்சு பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் முன்னாலா?

"ஆச்சுப்பா" என்றாள், இன்னும் கொஞ்சம் சத்தமாகவே.

அவன் போனதும் மஞ்சு பொட்டலங்களோடு வந்தாள். தினமும் காதில் விழுந்து அவளுக்கு ஒட்டிக்கொண்ட தமிழ் ஒன்றுதான்.

"சாப்டீங்களா?"

இவளிடம் வாங்கித் தின்கிற நிலைமையா என்று ரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே வளர்மதி முனகினாள்.

"இல்லடி. நேத்துலருந்து இல்ல."

மஞ்சு பொட்டலத்தைப் பிரித்துப் பங்கு வைத்தாள். அப்போதும் ரஞ்சிதத்தின் பாழாய்ப்போன கண், எந்தப் பங்கு பெரிது என்றுதான் பார்த்தது. பெரியது ரஞ்சிதத்துக்கு வந்தது. பழமும் இவளுக்கே வந்தது.

இந்த மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று ரஞ்சிதத்துக்கு எரிந்தது. அந்த எரிச்சலோடேயே மகளுக்குச் சோற்றை ஊட்டினாள்.