இருபது வெள்ளி சிடி

லிட்டில் இந்தியாவில் ஒரு பாட்டுக் கடை. எனக்குப் பக்கத்தில் பாயான் பாரு வட்டாரத் தொழிற்சாலை ஒன்றின் சீருடையில் ஒருவர் நின்றிருந்தார். ஷிப்ட் முடிந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பின்வரிசையில் கிடந்த உள்ளூர்ப் பாடகர் சிடி ஒன்றை எடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார்.

நான் அதை எடுத்து விலையைப் பார்த்தேன்.

“இருபது வெள்ளியா? போன்ல சும்மாவே கேக்கலாம்லா,” என்றேன் கடைக்காரரிடம்.

சீருடைக்காரர்தான் பேசினார்.

“ஜாஸ்திதான் அண்ணே. ஸ்டூடியோவுல காசு கட்டுறப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.”

அட்டையைப் பார்த்தேன். அதே முகம், களைப்பில்லாமல் சிரித்தது.

அவசரமாகப் பர்ஸை எடுத்தேன்.

“வேணாம்ண்ணே, போன்லயே கேளுங்க. கேட்டா போதும்,” என்று என் கையிலிருந்த சிடியை எடுத்துப் பின்வரிசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து போனில் தேடிக் கேட்டேன். நல்ல குரல். பாட்டு பாதியில் நின்று, விளம்பரத்தில் யாரோ சோப்பு விற்றார்கள்.