கண்ணாடிப் பந்துகளும் காலியான குங்குமச் சிமிழும்

என் தலை நரைத்தது வயதாலா, அந்த ஒரு பகலாலா என்று கேட்டால், பகலால் என்றுதான் சொல்வேன்.

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் நான் அப்பு, அதாவது சமையல்காரன். என் மனைவி லெட்சுமிக்கு அங்கேயே வீடு துடைத்துச் சாமான் கழுவும் வேலை. பங்களாவுக்குப் பின்னால் இருந்த காம்பரா, அந்த ஒற்றை அறைதான் எங்கள் குடித்தனம். வேலை போனால் காம்பராவும் போகும். லெட்சுமிக்கு அப்போது நிறைமாதம்.

1. கழுவியது

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் காலை துரையின் மனைவி, எங்கள் துரைசாணி, ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து லெட்சுமியிடம் கொடுத்தார். உள்ளே பஞ்சில் பொதிந்த கண்ணாடிப் பந்துகள், சிவப்பிலும் பொன்னிறத்திலும். வரவேற்பறையில் நிறுத்தியிருந்த சைப்ரஸ் மரத்தில் தொங்கவிட வேண்டியவை.

"லெட்சுமி, நல்லா சுத்தம் பண்ணு" என்று தோட்டத் தமிழில் சொல்லிவிட்டு, துரையோடு காரில் நுவரெலியாவுக்குப் போய்விட்டார்.

சுத்தம் என்றால் லெட்சுமிக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கார்த்திகைக்குப் பித்தளை விளக்குகளைத் துலக்கின மாதிரியே, மூடியைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். நான் கேக்குக்கு ஐசிங் பூசிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, சாயம் போவுதுங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வெளியே இருந்த நிறமும் உள்ளே பூசியிருந்த வெள்ளி மினுக்கும் தண்ணீரோடு போயிருந்தன. வாளியில் மிதந்தவை வெறும் கண்ணாடிக் குமிழ்கள்.

"கெடுத்துட்டியேடி! தொர பற்றுச்சீட்டக் குடுத்துட்டா இந்த வயித்தோட எங்கடி போவோம்?"

பற்றுச்சீட்டு கைக்கு வந்தால் தோட்டத்தை விட்டு வெளியே என்று அர்த்தம். நான் வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். லெட்சுமிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கத்தாதீங்க. குங்குமச் சிமிழ எடுத்தாங்க. மஞ்சத்தூளும் கொண்டாங்க."

ஈரம் காயாத பந்துக்குள் குங்குமத்தைத் தட்டி, மெல்ல உருட்டினாள். உள்சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டது. பொன்னிறத்துக்கு மஞ்சள்தூள். மூடியைப் போட்டு மரத்தில் மாட்டியபோது, தள்ளி நின்று பார்த்தால் பழைய பந்துகள் போலத்தான் இருந்தன. கிட்டே போனால்தான் வம்பு.

2. விருந்து

மாலையில் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். ஒரு துரைசாணி மரத்தருகே போய்ப் பந்தொன்றை விரலால் சுண்டினார். நல்ல வேளை, சிரித்துவிட்டு நகர்ந்தார்.

எங்கள் துரைசாணி மரத்தைப் பார்க்கவே இல்லை. லெட்சுமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"லெட்சுமி, உன் நெத்தியில சிவப்பு எங்கே?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். வேலை முடிந்து முகம் கழுவியவளுக்குப் பொட்டு வைக்கச் சிமிழில் ஒரு துளிக் குங்குமம் மிச்சமில்லை. பகல் முழுக்க மரத்தையே பார்த்த நான் இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

என்ன பொய் சொல்லலாம் என்று நான் தடுமாறுவதற்குள் லெட்சுமி அழுதுவிட்டாள்.

"புளி போட்டுக் கழுவிட்டேங்க தொரசாணி. சாயமெல்லாம் போயிருச்சு. பந்துக்குள்ள இருக்கிறது என் குங்குமம்தாங்க. அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

துரைசாணி ஒரு பந்தைக் கழற்றி, மூடியைத் திறந்து உள்ளங்கையில் தட்டினார். சிவப்பாகக் கொட்டியது. நான் மனத்துக்குள் சட்டிபானையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

"சுத்தம் பண்ணு சொன்னது நான்தான்" என்றார் கடைசியில். "அப்பு, சூப் ஆறிப் போகும். போ."

இப்போது ஹோட்டல்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சாமான் கெட்டுப்போனால் அப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். திட்டு ஒரு நிமிஷம். மறைத்தால் நாள் முழுக்க நெஞ்சு இடிக்கும்.

அடுத்த கிறிஸ்மஸுக்கும் அதே பெட்டி வந்தது. துரைசாணி புதுப் பந்து வாங்கவில்லை. பெட்டியின் மேல் தலவாக்கலைக் கடையில் வாங்கிய குங்குமப் பொட்டலம் இரண்டு இருந்தன.

"ஒண்ணு பந்துக்கு, ஒண்ணு உனக்கு" என்றார் லெட்சுமியிடம். "முதல்ல உனக்கு."