பசை போட்ட கோபுரம்

"குழந்தைங்கன்னா எனக்கு உயிர்" என்று யாராவது சொன்னால் அவளுக்கு அருவருப்பாக இருக்கும். அவளும் மாண்டிசோரி பள்ளி ஆசிரியைதான். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள வாண்டுகள் நிறைந்த ஓர் அறையில்தான் அவளுடைய பகல் முழுக்கக் கழிகிறது. ஆனாலும் அந்தப் பேச்சு காதில் விழுந்த மாத்திரத்தில் முகம் தானாகக் கோணிக்கொள்ளும். அதை மறைக்க அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் கிடையாது. கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்குச் சுளிப்பக்கா என்று பெயர் வைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

அவள் கணவர் கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். உங்கள் மனைவிக்கு என்னதான் பிடிக்கும் என்று யாராவது கேட்டுவிட்டால், "பிடிக்காததைச் சொல்றேன், உக்காருங்க. நேரமாகும், டீ சொல்லிடறேன்" என்பார். ஒட்டிப் போன கைக்குட்டை, எச்சில் தொட்டுப் புரட்டும் காகிதம், குழந்தையிடம் மட்டும் மூக்கால் கொஞ்சிப் பேசும் குரல் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். குழந்தைகளின் மூக்குச் சளியோ, நனைந்த ஜட்டியோ, வாந்தியோ அதில் வராது. அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு அருவருப்பெல்லாம் பெரியவர்களின் கைமேல்தான்.

அந்த அருவருப்பு வந்த கதை வேறு. பள்ளிக்கு வருவதற்கு முன்னால் குழந்தைகளைப் படம் எடுக்கும் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தாள். கேமராவுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டுவதுதான் வேலை. அங்கே அவள் பார்க்காத கூத்து இல்லை. நடக்கத் தெரியாத பிள்ளைக்கு உதட்டுச் சாயம் பூசுவார்கள். சேலை முந்தானையை நாக்கில் நனைத்துக் கன்னத்தைத் துடைப்பார்கள். பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை என்றால் தொடையில் நறுக்கென்று கிள்ளுவார்கள். கிள்ளிய கையாலேயே "சிரி, சிரி" என்று தாடையைத் தூக்குவார்கள். அழுதால் கண் பளபளப்பாக விழும் என்று போட்டோகிராபருக்கு உள்ளூரச் சந்தோஷம். தூ!

ஒருநாள் ஒரு குழந்தை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. சுற்றி அத்தனை பேர் கத்துகிறார்கள், கை தட்டுகிறார்கள். அது காதிலேயே வாங்கவில்லை. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு திருகியது. அவள் கிலுகிலுப்பையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எங்கிருந்தோ அதன் அப்பாவின் கை வந்து பாட்டிலைப் பிடுங்கியது. அதன் பிறகு அந்தக் குழந்தையின் முகம் கிடந்த கிடப்பு அவளை இன்றுவரை விடவில்லை. அந்த வாரமே வேலையை விட்டாள்.

பிறகு மாண்டிசோரி பயிற்சியில் சேர்ந்தபோது, எதையும் ஒரு தடவை மெதுவாக, அதிகம் பேசாமல் செய்து காட்டு, அப்புறம் எழுந்து போய் உட்கார் என்றார்கள். பிள்ளை தப்பாகச் செய்தால் திருத்தாதே, சரியாகச் செய்தால் கை தட்டாதே என்றார்கள். கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதற்குச் சம்பளமா என்று அவளுக்கு நம்பவே முடியவில்லை. தனக்கென்றே யாரோ இப்படி ஒரு வேலையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

மற்றவர்கள் வந்த வழியும் அவளுக்குத் தெரியும். ஒருத்தி தன் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் என்று வந்தவள். இன்னொருத்தி மாமியார் முகத்தில் மதியம் வரையாவது விழிக்காமல் இருக்கலாம் என்று வந்தவள். இவர்களை அவளுக்குப் பிடிக்கும், பொய் சொல்லவில்லையே. பக்கத்து அறைக்காரிதான் தாங்க முடியாதவள். யாரைப் பார்த்தாலும் செல்லக்குட்டி என்பாள். அதனால் அவள் பெயரே செல்லக்குட்டி டீச்சர் ஆகிவிட்டது. சின்ன வயதிலிருந்தே உனக்குக் குழந்தை மனசு என்று எல்லோரும் சொன்னார்களாம், அதனால் வந்தாளாம். குழந்தைகளைக் கட்டிப் பிடித்து, உச்சியில் முத்தம் வைத்து, செருப்பு மாட்டி, ஜிப்பு இழுத்துவிட்டு, நாள் முழுக்க ஒரே அபிஷேகம்தான். அவள் அறைப் பிள்ளைகளுக்கு வருடம் முடிந்தும் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. பெற்றோர்களோ அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

அந்த வருடம் சுளிப்பக்காவின் அறைக்கு ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தது. நான்கு வயது நெருங்குகிறது; அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காது. இறக்கிவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று இரண்டு கையையும் முன்னால் நீட்டும். யாராவது வந்து பையைக் கழற்ற வேண்டும், கையைக் கழுவிவிட வேண்டும், வாயில் ஊட்ட வேண்டும். ஆயாக்கள் மகாராணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கைகள் பஞ்சு மாதிரி இருந்தன. ஒரு கீறல் இல்லை, ஓர் அழுக்கு இல்லை. அந்தக் கைகளைப் பார்த்தாலே சுளிப்பக்காவுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும். யார் திருடினது இதை, இவளுடைய கையை இவளிடமிருந்து?

இந்தப் பெண் தன் கையால் ஒன்றாவது செய்துவிட வேண்டும். அந்த வருடம் முழுக்க சுளிப்பக்காவுக்கு அந்த ஒரே ஆசைதான். அதற்கு அவள் செய்தது ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அலமாரியை ஒட்டி ரோஸ் நிறக் கோபுரம் ஒன்று உண்டு. பாயை விரித்து, பெரிய கட்டையில் தொடங்கி, ஒன்றைவிட ஒன்று சின்னதாக, உச்சியில் சுண்டுவிரல் நுனி அளவுக் கட்டை வரை அடுக்கினால் கோபுரம். மாற்றி வைத்தால் கோணலாகத் தெரியும், இல்லாவிட்டால் சரியும். அங்கே கட்டைதான் வாத்தியார், யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. மகாராணி தினமும் அதற்கு முன்னால் போய் நிற்பாள். உச்சிக் கட்டையை ஒரு விரலால் தொடுவாள். திரும்பிவிடுவாள். சுளிப்பக்கா வேறு பக்கம் பார்ப்பது போல் பாசாங்கு செய்வாள்.

"இன்னைக்குத் தொட்டா" என்று முதல் தடவை தொட்ட அன்று இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னாள்.

"அடேங்கப்பா, ஊரைக் கூட்டிச் சொல்லணும்" என்றார் அவர். ஆனால் மறுநாள் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னைக்கு என்ன பண்ணா?" என்று அவரே கேட்டார்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் பள்ளியின் உரிமையாளர் அம்மாளுக்கு, எல்லோரும் பெரிய மேடம் என்று கூப்பிடும் அவருக்கு, விளம்பரப் படம் எடுக்கும் யோசனை வந்தது. ஒவ்வொரு ஆசிரியையும் கேமரா முன்னால் நின்று, இந்த வேலைக்கு ஏன் வந்தேன் என்று சொல்ல வேண்டும். பின்னால் குழந்தைகள் அழகாக வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்று மேடம் முன்கூட்டியே கேட்டார்.

"எனக்குப் பெரியவங்களைப் பிடிக்காது மேடம். அதனால வந்தேன்."

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ, அதைப் போய் அங்க சொல்லித் தொலைக்காதீங்க. குழந்தைங்கன்னா உயிர்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

படம் எடுக்க வந்தவர் முதல் நாளே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். கோபுரம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் தட்டிவிட்டால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டுமே என்று கவலைப்பட்டார். மேடம் அதற்கு வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் ஆசிரியைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்ட வைத்துவிட்டார். சுளிப்பக்காவிடம் யாரும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை விளக்கைப் போட்டு அவளை நிற்க வைத்தார்கள். ஏன் வந்தீர்கள் என்ற கேள்வி வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கண் வேறெங்கோ போய்விட்டது. மகாராணி தானாக நடந்து போய்ப் பாய் ஒன்றை உருவினாள். கோணல்மாணலாக விரித்தாள். கோபுரத்துக்குப் போய் உச்சிக் கட்டையை இரண்டு விரலால் பிடித்தாள். சுளிப்பக்கா கேமராவை மறந்தே போனாள்.

கட்டை வரவில்லை.

குழந்தை இழுத்தது. இரண்டு கையாலும் இழுத்தது. கோபுரம் மொத்தமாகச் சாய்ந்து கூடவே வந்தது. அதைப் பழையபடி நிற்க வைத்துவிட்டுத் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கட்டையின் ஓரத்தில் காய்ந்து பொங்கியிருந்த பசை அப்போதுதான் சுளிப்பக்காவின் கண்ணில் பட்டது. குழந்தை அவள் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டியது. கேமராவும் அந்தப் பக்கம் திரும்பியது.

அவள் ஓடினாள். கட்டையை முரட்டுத்தனமாகத் திருகிப் பிய்த்து, குழந்தையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். போதாததற்குச் சிரித்தாள் வேறு. குழந்தை தோற்றுவிடக் கூடாதே என்ற அவசரம். பாட்டிலைப் பிடுங்கின அந்த அப்பாவுக்கும் ஏதோ ஓர் அவசரம் இருந்திருக்கும்.

"சூப்பர்! இதைத்தான் எதிர்பார்த்தேன்!" என்றார் படமெடுப்பவர்.

அன்றைக்கு அவள் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அருவருப்பு போகவில்லை. மற்றவர்கள் கைமேல் வந்தால் முகத்தைச் சுளித்துவிட்டுப் போகலாம். தன் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒட்டிய கட்டைகளைக் கணவர் கடைக்குக் கொண்டுபோய்க் கத்தியால் நெம்பிப் பிரித்துப் பார்த்தார். சாயம் பொளபொளவென்று உரிந்து வந்தது. "பூட்டைக் கூடத் திறந்துடலாம், இந்தப் புத்திசாலிங்க பண்ணினதை ஒண்ணும் பண்ண முடியாது" என்று திட்டினார். அவள் மேடத்திடம் சண்டை போட்டுப் புதுக் கோபுரம் வாங்க வைத்தாள். மகாராணி அதன் பக்கமே திரும்பவில்லை. முன்பு யார் வந்தாலும் நீட்டிய கையை இப்போது சுளிப்பக்காவிடமே நீட்டினாள்.

படம் வெளியே வந்தது. அந்தக் காட்சிக்கு வயலின் போட்டு, அவள் சொல்லவே சொல்லாத "குழந்தைங்கன்னா எனக்கு உயிர்" என்ற வரியை அடியில் ஓட விட்டிருந்தார்கள். மகாராணியின் அம்மா கண்ணில் நீர் தளும்ப வந்து நின்றாள்.

"டீச்சர், எத்தனை தடவை பாத்தேன்னு தெரியாது. எப்படி உங்ககிட்டக் கை நீட்டறா பாருங்க! நீங்க பண்ணிக் குடுத்தீங்களே, அதைப் பாத்து அழுதுட்டேன்."

"அது பாசம் இல்லைங்க. தோத்துப்போய் நீட்டின கை அது. நான் பண்ணது தப்பு. இனிமே பண்ண மாட்டேன்."

"அழுவாளே டீச்சர்?"

"அழட்டும்."

அந்த அம்மாவின் முகம் அப்படியே இறுகிப்போனது. சொன்னபடியே சுளிப்பக்கா பையைக் கழற்றவில்லை, ஷூ மாட்டவில்லை. மகாராணி தரையில் புரண்டு அழுதாள். அழுகுரல் கேட்டுச் செல்லக்குட்டி டீச்சர் ஓடி வந்து, "பாவம் செல்லக்குட்டி, அக்காவுக்குக் கல்லு மனசு" என்று எல்லாவற்றையும் செய்துவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து குழந்தை அழுவதைக்கூட விட்டுவிட்டது. நேரே பக்கத்து அறைக்குப் போய்க் கையை நீட்டியது. வாரக் கடைசியில் மேடம் சுளிப்பக்காவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து குழந்தை அந்த அறைக்கு மாறுகிறது, அம்மா ரொம்பக் கேட்டுக்கொண்டார் என்றார். இனி ஒரு நாள்கூட மிச்சமில்லை.

அன்று பள்ளி விடும் நேரம் செல்லக்குட்டி டீச்சர் வாசலில் பெற்றோர்களுடன் குழைந்துகொண்டிருந்தாள். ஷூ அலமாரிக்குப் பக்கத்தில் மகாராணி பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சுளிப்பக்கா எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மாட்டேன்" என்றாள். பிறகு, "அன்னைக்கு அந்தக் கட்டை வராதது உன் தப்பு இல்ல. பெரியவங்க நாங்க பசை போட்டு ஒட்டிட்டோம். அப்புறம் உன் வேலையை நான் பிடுங்கிப் பண்ணிட்டேன். அதுவும் என் தப்பு."

குழந்தை அவளை முறைத்துப் பார்த்தது.

"நீங்க கெட்டவங்க."

"சரி."

"உங்களைப் பிடிக்கல."

"பரவால்ல."

"பாக்காதீங்க! அந்தப் பக்கம் திரும்புங்க!"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். ஏதோ ஒன்று தரையில் விழுந்தது. கோபத்தில் ஓர் உதை பெஞ்சில் விழுந்தது. பிறகு ஷூ வாரைப் பிரித்து ஒட்டும் சத்தம், திரும்பவும் பிரித்து ஒட்டும் சத்தம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். சுண்ணாம்பு உரிந்த இடத்தை அவ்வளவு கவனமாக அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அம்மா வந்துவிட்டாள். மகாராணி அவளை நோக்கிக் கோணிக்கோணி நடந்து போனாள். வலது ஷூ இடது காலில், இடது வலதில்.

"கடவுளே, யாரு இப்படி மாத்தி மாட்டிவிட்டது?" என்று அம்மா சுளிப்பக்காவைச் சுட்டுவிடுவது போல் பார்த்துக்கொண்டே குனிந்து கையை நீட்டினாள்.

குழந்தை காலை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"நான்" என்றது.